எரிவாயு சமைக்கும் நுண்ணுயிர்கள்

விறகு, கரி, மண்ணெண்ணெய், எரிவாயு என அடுப்புக்கு வேண்டிய எரிபொருள்கள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. இவற்றுள் நிலக்கரியும் எண்ணெயும் நிலத்தடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவானவை. எடுக்க எடுக்கக் குறைபவை. ஆனால் ஓர் ஆண்டில் விளைந்த பயிரிலிருந்து அதே ஆண்டிலேயே எரிவாயு ஆக்கிக்கொள்ளவும் வழியுண்டு. அதனை ஆக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மனிதன் செய்வதெல்லாம் அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்து, வேளை தவறாமல் உணவிடுவதுதான்.

நம் சிற்றூர்களுக்குச் சாண எரிவாயு புதிதன்று. 'கோபர் காஸ்' என்று மக்கள் வழங்கும் இதனை 1960களிலிருந்து காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் விட, மேலே மிதக்கும் இரும்பு மூடி வாயு நிறைய நிறைய உயர்ந்து எழும். சாணத்தில் நடைபெறும் இவ்வேலையை வயலில் விளைந்த பயிரைக் கொண்டே பேரளவில் நடத்திப் பார்த்த நாடு ஜெர்மனி. அந்நாடு கற்ற பாடங்கள் பல. அவற்றை அறிவதற்கு முன், கலனுக்குள் குடியிருக்கும் உயிர்கள் யாவை, அவை எவ்வாறு உழைக்கின்றன என்பதைக் காண்போம்.

சதுப்பு நிலத்துக் குமிழிகள்

1776ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா மஜியோரே ஏரியின் கரையோரச் சேற்றைக் கிளறினார். மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்துத் தீ வைத்துப் பார்த்தார், அவை எரிந்தன. மின் அழுத்தத்தை அளக்க நாம் 'வோல்ட்' என்கிறோமே, அச்சொல் இவர் பெயரால் வந்ததே. அவர் கண்ட வாயுவை இன்று மீத்தேன் என அழைக்கிறோம். ஒரு கரி அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது.

காற்றுப் புகாத இடத்தில் தாவரப் பொருள் அழுகினால் மீத்தேன் உண்டாகும். நீர் தேங்கிய நெல் வயலின் சேற்றிலும், அசைபோடும் மாட்டின் வயிற்றிலும் இதுவே நடைபெறுகிறது. 1895இல் இங்கிலாந்து நாட்டின் எக்சிட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டியில் உண்டான வாயுவைக் கொண்டு விளக்கெரித்தனர். ஆயினும் இவ்வாயுவை ஆக்கும் உயிர் எது என்ற வினாவுக்கு விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

நான்கு படிகள்

பயிர் மீத்தேனாக மாறுவதற்கு நான்கு படிகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கூட்டத்தார் உளர்.

முதற்படி, கரைத்தல். தண்டிலும் இலையிலும் உள்ள செல்லுலோஸ், மாவுப்பொருள், புரதம் ஆகியவை பெரிய மூலக்கூறுகள். அவற்றை அப்படியே விழுங்கும் வாய் நுண்ணுயிர்களுக்கு இல்லை. எனவே அவை நொதிகளை வெளியே சுரந்து, உணவைச் சர்க்கரையாகவும் அமினோ அமிலங்களாகவும் கரைத்துப் பின்னரே உறிஞ்சுகின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம். அவை செரித்தபின் உண்கின்றன! மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளை மட்டும் காற்றில்லாத இடத்தில் இவற்றால் பெரும்பாலும் கரைக்க இயலாது. இக்கலன்களில் விறகுக்கட்டையை இடாமல் பசுந்தாளை இடுவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் படி, புளித்தல். கரைந்த சர்க்கரையை வேறு சில பாக்டீரியாக்கள் உண்டு பல்வகை அமிலங்களை வெளிவிடுகின்றன. காடியில் உள்ள அசெட்டிக் அமிலம், கெட்டுப்போன வெண்ணெயின் வாடையைத் தரும் பியூட்டிரிக் அமிலம், புரோப்பியானிக் அமிலம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றோடு ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன.

மூன்றாம் படியில், பியூட்டிரிக், புரோப்பியானிக் போன்ற அமிலங்களை மற்றொரு கூட்டம் அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைக்கிறது. இதிலிருந்து அவ்வுயிர்களுக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகமிகச் சொற்பம்.

நான்காம் படியில்தான் மீத்தேன் தோன்றுகிறது. அதனை ஆக்குவோருள் சிலர் அசெட்டிக் அமிலத்தை இரண்டாகப் பிளந்து மீத்தேனும் கரியமில வாயுவும் தருகின்றனர். வேறு சிலர் ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்குகின்றனர்.

இக்கடைசிக் கூட்டத்தார் பாக்டீரியாக்களே அல்லர் என்பது வியப்பான செய்தி. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் இருவர் இவற்றின் மரபுப் பொருளை ஆராய்ந்து, இவை பாக்டீரியாக்களிலிருந்து முற்றிலும் வேறான ஒரு பெரும் பிரிவைச் சேர்ந்தவை என்று காட்டினர். அப்பிரிவு இன்று ஆர்க்கியா எனப்படுகிறது. உருவில் பாக்டீரியாவைப் போல் சிறியவையாயினும் பிறப்பால் இவை வேற்றுக் குலத்தவை. ஆக்சிஜன் பட்டால் இவை செயலிழக்கும், பலவும் மாண்டுபோகும்.

ஒன்று என எண்ணியது இரண்டானது

ஒரு கூட்டத்தின் கழிவே அடுத்த கூட்டத்தின் உணவு என்பதைக் கண்டோம். ஆனால் அவற்றின் உறவு அதனினும் ஆழமானது. அதனை உலகுக்கு உணர்த்திய வரலாறு சுவையானது.

ரஷ்ய அறிஞர் ஒமெலியான்ஸ்கியின் பெயரால் வழங்கிய ஒரு நுண்ணுயிர், சாராயத்தைக் கொண்டு மீத்தேன் ஆக்கியது. அமெரிக்க அறிஞர் ஹோரஸ் பார்க்கர் அதனைத் தனியே பிரித்து வளர்த்தார். பல ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் அதனை ஒரே உயிர் எனக் கருதியே ஆராய்ந்து வந்தனர். 1967ஆம் ஆண்டு மார்வின் பிரையன்ட், வோலின், வுல்ஃப் முதலியோர் அக்குடுவையில் உண்மையில் இரண்டு உயிர்கள் குடியிருப்பதைக் கண்டறிந்தனர்!

முதல் உயிர் சாராயத்தை அசெட்டிக் அமிலமாக்கி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. இரண்டாம் உயிர் அந்த ஹைட்ரஜனை உண்டு மீத்தேன் ஆக்குகிறது. இருவரையும் பிரித்து வைத்தால் என்ன ஆகும்? இரண்டாம் உயிரால் சாராயத்தை உண்ண இயலாது. முதல் உயிரோ தான் வெளியிட்ட ஹைட்ரஜனே தன்னைச் சூழ்ந்து நிற்க, மேலும் வளர முடியாமல் தவிக்கிறது.

நெல் தூற்றும் களத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒருவர் தூற்றத் தூற்ற மற்றவர் நெல்லை அள்ளிக்கொண்டு போக வேண்டும். அள்ளுகிறவர் நின்றுவிட்டால் களம் நிரம்பி, தூற்றுகிறவரின் கையும் நின்றுவிடும். கலனுக்குள் ஹைட்ரஜனின் அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போனாலே புரோப்பியானிக் அமிலத்தைச் சிதைக்கும் உயிர்களின் வேலை தடைப்படுகிறது. ஆகவே மூன்றாம் படியினர் பிழைப்பது நான்காம் படியினரின் கையில் இருக்கிறது. கொடுப்பவர் வாங்குபவரை நம்பியே வாழும் விந்தை இது.

ஜெர்மனியின் மக்காச்சோளம்

ஜெர்மனி நாடு 2000ஆம் ஆண்டு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டத்தை இயற்றியது. உயிர்வாயுவிலிருந்து மின்சாரம் ஆக்கும் உழவருக்கு இருபது ஆண்டுகள் உறுதியான விலை கிடைத்தது. 2004இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, எரிவாயுவுக்கெனவே பயிரிட்டால் கூடுதல் தொகை என்று அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆயிரமாக இருந்த கலன் நிலையங்கள் பின்னர் ஒன்பதாயிரத்துக்கும் மேலாகப் பெருகின. 2005இல் கோட்டிங்கன் நகருக்கு அருகிலுள்ள யூண்டே என்னும் சிற்றூர், தன் வயல்களின் பயிரையும் தன் மாடுகளின் சாணக் கரைசலையும் கொண்டு மின்சாரம் ஆக்கத் தொடங்கியது. அப்போது கிடைக்கும் வெப்பத்தால் சூடேறிய நீரைக் குழாய் வழியே வீடுகளுக்குச் செலுத்திக் குளிரைப் போக்கிக்கொண்டது.

இக்கலன்களின் முதன்மை உணவு மக்காச்சோளம். கதிர் முற்றும் முன்பே தண்டும் இலையும் கதிருமாக அறுத்து, பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடி வைப்பர். கால்நடை நூல்கள் இதனை ஊறுகாய்ப்புல் என்கின்றன. இங்கும் உழைப்பவை நுண்ணுயிர்களே. பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் இனத்தவை பசுந்தாளைப் புளிக்க வைத்து, ஆண்டு முழுதும் கெடாமல் காக்கின்றன.

ஒரு டன் மாட்டுச் சாணக் கரைசல் தரும் வாயு ஏறத்தாழ 25 கன மீட்டர். ஒரு டன் மக்காச்சோள ஊறுகாய்ப்புல் தருவதோ ஏறத்தாழ 200 கன மீட்டர். சாணக் கரைசலில் நீர் மிகுதி என்பதோடு, தீவனத்தின் சத்தில் நல்ல பகுதியை மாடு முன்பே எடுத்துக்கொண்டது என்பதும் இவ்வேற்றுமைக்குக் காரணம். கிடைக்கும் வாயுவில் சற்றேறக்குறையப் பாதி மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு.

சாணத்தில் இருந்தது, சோளத்தில் இல்லாதது

எட்டு மடங்கு வாயு என்றதும் உழவர் பலர் சாணத்தை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் கலனில் இட்டனர். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. சில மாதங்கள் கழித்து வாயு குறைந்தது, அமிலம் மிகுந்தது, கலன்கள் நோயுற்றன. வெப்பம் மாறவில்லை, உணவும் மாறவில்லை. பின் குறை எங்கே?

ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. மீத்தேன் ஆக்கும் உயிர்களுக்கு நிக்கல், கோபால்ட், செலினியம், மாலிப்டினம் போன்ற தனிமங்கள் மிகச் சிறு அளவில் தேவை. மீத்தேனை விடுவிக்கும் நொதியின் நடுவில் அமர்ந்திருப்பது நிக்கல். நாம் உண்ணும் உணவில் இருக்க வேண்டிய வைட்டமின் பி12இன் நடுவில் இருப்பது கோபால்ட். அதனை ஒத்த பொருள்கள் இவ்வுயிர்களுக்கும் இன்றியமையாதவை. சாணத்தில் இத்தனிமங்கள் இயல்பாகவே உண்டு. மக்காச்சோளத்தில் அவை மிகக் குறைவு. தொடக்கத்தில் கலனில் ஊற்றிய சாணத்தில் இருந்தவை நாளடைவில் கழிவோடு வெளியேறிவிட, நுண்ணுயிர்கள் உணவுக்கு நடுவிலேயே ஊட்டமின்றி வாடின.

சாணம் வேறு இரு நன்மைகளையும் செய்து வந்தது. அமிலம் சற்று மிகும்போது அதனைத் தாங்கிச் சமன்செய்யும் காரத்தன்மை அதில் இருந்தது. மாட்டின் வயிற்றில் பழகிய புதிய நுண்ணுயிர்களையும் அது நாள்தோறும் கலனுக்குக் கொண்டு வந்தது. இதனை அறிந்தபின் பலர் மீண்டும் சாணத்தைக் கலந்தனர். சிலர் குறைந்த தனிமங்களை அளந்து சேர்த்தனர். அளவுக்கு மிஞ்சினால் அத்தனிமங்களே நஞ்சாகும் என்பதால் இதில் கவனம் மிகத் தேவை.

கலனுக்குள் ஒரு கணக்கெடுப்பு

இவ்வுயிர்களுள் பெரும்பாலானவற்றை ஆய்வுக்கூடத்துக் குடுவையில் தனியே வளர்க்க இயலவில்லை. வளர்க்க முடியாதவற்றை எவ்வாறு எண்ணுவது? கலவை முழுவதிலிருந்தும் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்துப் படிக்கும் முறை இதற்கு வழிகாட்டியது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு ஒரு பண்ணைக் கலனில் இவ்வாறு கண்டதை வெளியிட்டனர். மக்காச்சோளமும் பச்சை ரை பயிரும் சிறிதளவு கோழி எருவும் அக்கலனின் உணவு.

அங்கே பாக்டீரியாக்களுள் குளோஸ்ட்ரிடியா வகுப்பினர் முன்னணியில் நின்றனர். செல்லுலோஸைக் கரைப்பதில் வல்லவர்கள் இவர்கள். மீத்தேன் ஆக்குவோருள் மெத்தனோகல்லியஸ் என்னும் இனம் மிகுந்திருந்தது. இவ்வினம் மீத்தேன் ஆக்குவது ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு. கழிவுநீர்க் கலன்களை ஆராய்ந்து எழுதிய பழைய பாடநூல்களோ மீத்தேனில் மூன்றில் இரு பங்கு அசெட்டிக் அமிலத்தைப் பிளப்பதால் வருவது என்றன. செறிந்த உணவு பெறும் பண்ணைக் கலன்களில் அம்மோனியா மிகும்போது, அசெட்டிக் அமிலத்தைப் பிளக்கும் மென்மையான உயிர்கள் குன்றுகின்றன. அப்போது வேறு பாக்டீரியாக்கள் அவ்வமிலத்தையும் ஹைட்ரஜனாக மாற்றித் தர, மெத்தனோகல்லியஸ் போன்றவை வேலையை முடிக்கின்றன. ஒரு பாதை அடைபட்டால் மறுபாதை திறக்கிறது. பல இனங்கள் கூடி வாழும் இடத்துக்கே இவ்வலிமை உண்டு.

கலன் புளித்துப்போனால்

அமிலம் ஆக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகப் பெருகிவிடும். அசெட்டிக் அமிலத்தைப் பிளக்கும் ஆர்க்கியாக்கள் சிலவற்றுக்கோ அதற்குப் பல நாள்கள் வேண்டும். வாயு மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்று ஒரே நாளில் உணவை அள்ளிக் கொட்டினால், முன்னவர் விரைந்து பெருகி அமிலத்தைக் குவிப்பர். பின்னவரால் அதனை உண்டு தீர்க்க இயலாது. அமிலம் மேலும் மிக, அதுவே அவர்களை நலிவிக்கும். இட்லி மாவு புளித்தால் நமக்கு மகிழ்ச்சி. கலன் புளித்தால் உழவருக்குப் பேரிழப்பு.

ஆகவே தேர்ந்த உழவர் கலனை ஒரு பசுவைப் போலவே பேணுகிறார். சிறிது சிறிதாகப் பலமுறை உணவிடுகிறார். வெப்பத்தைப் பெரும்பாலும் 38 முதல் 42 பாகை செல்சியசில் நிலையாக வைக்கிறார். புதிய உணவைக் கொடுக்குமுன் வாரக்கணக்கில் பழக்குகிறார். அமிலத்தின் அளவை ஒழுங்காகச் சோதிக்கிறார். புரோப்பியானிக் அமிலம் ஏறத் தொடங்கினால் அதனை நோயின் முதல் அறிகுறியாகக் கொள்கிறார். நோய்க்கு மருந்தும் நாம் அறிந்ததே: 'லங்கணம் பரம ஔஷதம்' என்பர். சில நாள் உணவை நிறுத்தி, நலமான வேறொரு கலனிலிருந்து கரைசலைக் கொண்டுவந்து கலந்தால், மெல்ல மெல்லக் கலன் தேறிவிடும்.

வயலின் விளைச்சல் யாருக்கு?

கலனை நன்கு பேணினாலும் வேறொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு ஹெக்டேர் நிலத்தின் மக்காச்சோளம் ஏறத்தாழ 16,000 முதல் 20,000 யூனிட் வரை மின்சாரம் தரலாம். அதே நிலத்தில் சூரியத் தகடுகளைப் பதித்தால் அதனைப் போல் பன்மடங்கு கிடைக்கும். ஆனால் சூரியன் இரவில் இல்லை; வாயுவையோ சேமித்து வைத்து வேண்டும்போது எரிக்கலாம். இவ்வொரு சிறப்புக்காக உணவு விளையும் நிலத்தைக் கொடுப்பது தகுமா?

ஜெர்மானிய மக்கள் இதனைக் கேட்டனர். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமே நின்றது. நிலத்தின் குத்தகை ஏறியது. பறவைகளும் வண்டுகளும் வாழ்ந்த புல்வெளிகள் குறைந்தன. 'சோளமயமாதல்' என்று பொருள்படும் ஒரு சொல்லே அவர்கள் மொழியில் வழக்குக்கு வந்தது. 2012ஆம் ஆண்டு, புதிய கலன்களில் மக்காச்சோளமும் தானியமும் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது எனச் சட்டம் செய்தனர். பின்னர் அவ்வரம்பு மேலும் குறைக்கப்பட்டது. பயிருக்கெனத் தந்த கூடுதல் தொகையும் 2014இல் புதிய கலன்களுக்கு நிறுத்தப்பட்டது. ஊடுபருவப் பயிர், வைக்கோல், சாணம், தேனீக்கள் நாடும் மஞ்சள் பூக்களையுடைய சில்ஃபியம் என்னும் செடி ஆகியவற்றின் பக்கம் பலர் கவனத்தைத் திருப்பினர்.

இதன் தொடர்ச்சியை நம் நாட்டிலேயே காணலாம். பஞ்சாபில் நெல் அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவதால் எழும் புகை வடநாட்டையே சூழ்வதை நாம் அறிவோம். 2022 அக்டோபரில் அம்மாநிலத்துச் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில், வைக்கோலையே உணவாகக் கொள்ளும் பெரிய எரிவாயு ஆலை ஒன்று திறந்து வைக்கப்பட்டது. அதனை அமைத்தது ஒரு ஜெர்மானிய நிறுவனமே. வைக்கோல் கடினமானது, அதனைக் கரைக்கும் முதற்படி உயிர்களுக்கு நெடுநாள் பிடிக்கும். ஆயினும் தானியம் மனிதருக்கு, தாள் நுண்ணுயிருக்கு என்ற பங்கீடு இதில் உண்டு.

வாயு போக எஞ்சும் கரைசலும் வீணன்று. பயிரிலிருந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை பெரும்பாலும் அதிலேயே தங்குகின்றன. அதனை மீண்டும் வயலில் இட்டால் மண் வளம் பெறும். ஆனால் கலனில் கசிவு இருத்தல் ஆகாது. ஏனெனில் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடேற்றுவதில் மீத்தேன், சம எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு கொடியது. எரித்தால் நண்பன், தப்பிப் போனால் பகைவன்.

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது நம் நாட்டு வழக்கு. தேர் ஓடும் விரைவை முடிவு செய்பவர் வடத்தைப் பிடித்தோருள் மெல்ல நடப்பவரே. அவரை விட்டுவிட்டு மற்றவர் ஓடினால் தேர் நிலைக்கு வராது. கலனுக்குள்ளும் அப்படியே. விரைந்து பெருகும் உயிர்களுக்கு அள்ளிக் கொடுப்பதால் வாயு பெருகுவதில்லை. மெதுவாக வளரும் கடைசிக் கூட்டத்தின் தேவையறிந்து, அதன் வேகத்துக்கு ஏற்ப உணவிடும்போதே கலன் நீடித்துப் பயன் தருகிறது. நாளைய அறிவியல் மேதைகளாகவும் இல்லத் தலைவியராகவும் விளங்கப் போகும் மாணவியராகிய நாம், அடுப்பில் எரியும் நீலச் சுடரைக் காணும்போது இதனை நினைவில் கொள்வோம். நிலத்தில் விளைந்ததில் எது மனிதருக்கு, எது மாட்டுக்கு, எது மண்ணுக்கு, எது நெருப்புக்கு என்று பகுத்தறிந்து பயன்படுத்தும் பொறுப்பு நம் தலைமுறைக்கு உரியது.